தனித்தட்டு, தனிக்கட்டில்: நோயில் காத்திருப்பதை யார் எழுதுவது?

நோய்க்குச் சாதி தெரியாது என்கிறார்கள். கிருமிக்குத் தெரியாதுதான். ஆனால் கிருமி பிடித்த பிறகு நடக்கிற எல்லாவற்றுக்கும் தெரியும். யாருக்குக் கட்டில், யாருக்குக் கட்டிலுக்குக் கீழே பாய், ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் யாரால் இருக்க முடியும், சளிக் கோப்பையை யார் கழுவுவது என்பதையெல்லாம் கிருமியா தீர்மானிக்கிறது? நம் இலக்கிய விமர்சனம் மட்டும் நோயைப் பற்றிப் பேச வரும்போது அந்தக் கிருமியைப் போலவே ஒன்றும் தெரியாத பாவனை செய்கிறது. நோயாளி தனியாகக் கிடக்கிறான், சாவை எதிர்பார்த்துக் காத்திருக்கிறான், காலம் உறைந்துபோகிறது, அவனுக்குள் ஒரு தரிசனம் பிறக்கிறது. இப்படி ஒரு பிரதி கிடைத்துவிட்டால் 'மானுட இருப்பின் அவலம்' என்று முத்திரை குத்தி அலமாரியில் ஏற்றிவிடலாம். இந்தத் தனிமைக்கும் காத்திருப்புக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை யாரோ தம் தினக்கூலியில் கழித்துக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைக் கேட்க ஆளில்லை.

நோய் இலக்கியத்தின் கோபுரம் என்று சொல்லப்படுகிற தாமஸ் மன்னின் 'மாய மலை'யை எடுத்துக்கொள்வோம். 1924இல் ஜெர்மனியில் வந்த நாவல். ஹான்ஸ் காஸ்டார்ப் என்ற இளைஞன், சுவிட்சர்லாந்தில் டாவோஸ் மலைமேல் சானடோரியத்தில் காசநோய்க்குச் சிகிச்சை பெறும் உறவுக்காரனைப் பார்க்க மூன்று வாரத்துக்குப் போகிறான். ஏழு வருஷம் தங்கிவிடுகிறான். பால்கனியில் சாய்வு நாற்காலி, ஒட்டக ரோமக் கம்பளிகளை உடம்பில் சுற்றிக்கொள்வதற்கென்று ஒரு முறை, வாயில் தெர்மாமீட்டர், நாளைக்கு ஐந்து வேளைச் சாப்பாடு. படுத்தே கிடப்பவனுக்கு நேரம் எப்படி வீங்குகிறது, எப்படி ஒரு வருஷம் ஒரு நாளாகச் சுருங்கிவிடுகிறது என்று மன் எழுதியிருப்பதைப்போல வேறு யாரும் எழுதியதில்லை. எனக்குப் பிடித்த நாவல்தான். எம்.ஏ. படிக்கும்போது ஆங்கிலத்தில், பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு முறை பாதியில் விட்டு, மூன்றாம் முறை முடித்தேன்.

ஆனால் காஸ்டார்ப்புக்கு அப்பா, தாத்தா வழியில் வந்த சொத்து இருக்கிறது. அதிலிருந்து வட்டி வருகிறது. அந்த வட்டிதான் ஏழு வருஷத் தத்துவ விசாரணைக்குச் சோறு போடுகிறது. மன் இதை மறைக்கவில்லை, கணக்கோடு சொல்லிவிட்டுத்தான் மேலே போகிறார். நம் ஆட்கள்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிவிட்டுக் காலத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறார்கள்.

தமிழில் காசநோய்க்கு ஒரு பெரிய பலி இருக்கிறது. 'ராஜமுக்தி' படவேலைக்காகப் புனே போன புதுமைப்பித்தன் அங்கே நோய் முற்றித் திரும்பி, 1948இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். ஸ்ட்ரெப்டோமைசின் காசநோயைக் கட்டுப்படுத்தும் என்று காட்டிய பிரிட்டிஷ் பரிசோதனையின் முடிவு அச்சில் வந்ததும் அதே 1948தான். தன் நோயை அவர் கதையாக எழுத நாள் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே 'செல்லம்மாள்' எழுதியிருந்தார். பட்டணத்தில் ஜவுளிக்கடைச் சிப்பந்தியாக இருக்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயில் விழுந்த மனைவியைப் பார்த்துக்கொண்டு வேலைக்கும் போய் வருகிறார். தீபாவளிக்கு அவளுக்குப் பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று கடையிலிருந்து புடவைகளை எடுத்து வருகிறார். பொருளாதாரத்தை மறக்காத நோய்க்கதை அது. தமிழில் அந்த வகையில் முதன்மையானது என்றுகூடச் சொல்வேன். ஆனால் கதை பிள்ளையோடுதான் நகர்கிறது. அவர் கடைக்குக் கிளம்பிய பிறகு அந்தக் கதவுக்குப் பின்னால் செல்லம்மாளின் பகல் எப்படிப் போனது? தண்ணீர்ச் செம்பு கைக்கு எட்டியதா? மூத்திரம் வந்தால் என்ன செய்தாள்? அந்தப் பகல் கதையில் இல்லை. நோயாளியை வாசலில் நின்று பார்க்கிற இந்தக் கண்தான் பிறகு தமிழில் நிலைத்துவிட்டது.

சினிமாவைப் பற்றி நிறையப் பேச வேண்டாம். ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) முழுக்க ஆஸ்பத்திரியில் நடக்கிறது. புற்றுநோய்க் கணவன், பக்கத்தில் மனைவி, அவளை முன்னால் காதலித்த டாக்டர். நோயாளிக்குத் தனி அறை. அவர் கையில் ஓ.பி. சீட்டைக் கொடுத்து ஜி.எச். வரிசையில் நிற்கவிட்டால் அந்த முக்கோணக் காதல் என்னவாகும் என்று யோசித்துப் பார்க்கலாம். 'ரத்தக் கண்ணீர்' (1954) வேறு வகை. எம்.ஆர். ராதாவின் வசனத்துக்கு நாமும்தான் விசிலடித்தோம். ஆனாலும் அதில் தொழுநோய் ஒரு தண்டனை, செய்த பாவத்துக்கு உடம்பில் விழும் தீர்ப்பு. வெளியே நிஜமான தண்டனைச் சட்டம் ஒன்று இருந்தது. 1898இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த தொழுநோயாளர் சட்டம், தொழுநோய் கண்ட ஏழைகளைப் பிடித்துத் தனியே அடைக்கச் சொன்னது. பங்களாவில் இருந்த தொழுநோயாளியை அது தேடிப் போகவில்லை. அந்தச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது. தனிமை என்பது உள்மன அனுபவம் என்று பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏழைக்கு அது ஒரு சர்க்கார் உத்தரவாக இருந்தது.

காத்திருப்பையே நாவலாக்கிய தமிழ்ப் பிரதி என்றால் இமையத்தின் 'செல்லாத பணம்' (2018). சாகித்திய அகாதமி பரிசு (2020) வாங்கியதால் படித்தவர்கள் நிறைய. பொறியியல் படித்த ரேவதி, பெற்றோரை மீறி ஆட்டோ ஓட்டும் ரவியைக் கட்டிக்கொள்கிறாள். பிறகு உடம்பெல்லாம் வெந்து புதுச்சேரி ஜிப்மர் தீக்காயப் பிரிவில் கிடக்கிறாள். தலைமையாசிரியர் அப்பா நடேசன், அம்மா அமராவதி, அண்ணன் முருகன், அண்ணி அருண்மொழி எல்லோரும் வெளியே. கையில் பணம் இருக்கிறது, எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கத் தயார். பணம் செல்லவில்லை. விழுப்புரம், கடலூர்க்காரர்களுக்கு ஜிப்மர் என்றால் என்ன என்று தெரியும். தீக்காயக்காரருக்குத் தொற்று வரக்கூடாது என்பதால் உறவுக்காரர்களை உள்ளே அண்டவிட மாட்டார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்பது, யார் பெயரைக் கூப்பிடுகிறார்கள் என்று காதை நீட்டுவது, அழுது முடித்துவிட்டு டீ குடிக்கப் போவது, டீ குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சிப்படுவது. இந்த வெளி வராண்டாவின் பேச்சை இமையத்தைவிட நன்றாகக் காதில் வாங்கியவர் தமிழில் இல்லை. 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தபோது நம் தரப்பில் எழுந்த கோபத்தையும், தலித் எழுத்தாளர் என்ற அடைமொழியை அவர் தொடர்ந்து மறுத்துவருவதையும் இங்கே ஒதுக்கிவைத்துவிட்டே இதைச் சொல்கிறேன். பொண்டாட்டியை நெருப்புக்கு விட்டவன் என்று எல்லோரும் காறித் துப்புகிற ரவியைக்கூட அவர் பேசவிடுகிறார். அது சின்ன விஷயம் இல்லை.

என் சண்டை வேறு இடத்தில். முதலாவது, தலைப்பு. பணம் செல்லாமல் போவதை உணர வேண்டுமானால் முதலில் பணம் இருக்க வேண்டும். நடேசனின் துயரம் பணம் உள்ளவன் முதன்முறையாகக் கையாலாகாதவனாக ஆவதன் துயரம். அதே வராண்டாவில் துணிப்பையோடு உட்கார்ந்திருக்கிற, ஊருக்குப் போய்வரப் பஸ் காசுக்கு யாரைக் கேட்பது என்று யோசிக்கிற ஆளுக்குக் கையாலாகாமை புதிதா? அந்த ஆள் நாவலில் குறுக்கே நடந்து போகிறார், உட்கார்வதில்லை. இரண்டாவது, ரேவதி. வெளியே இருப்பவர்களின் நினைவிலும் வாக்குவாதத்திலும்தான் அவள் அதிகம் வாழ்கிறாள். கதவுக்கு உள்ளே, துணியும் ஒட்டாத அந்த உடம்புக்கு ஒரு மணி நேரம் எப்படிப் போகும்? செல்லம்மாளின் பகல் போலவே ரேவதியின் இரவும் தமிழில் எழுதப்படாமல் கிடக்கிறது. இமையம் ஒருவரின் குறையாக இதைச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டுகிற மொழி நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

இங்கே இன்னொரு பிரதியை வாசிக்க வேண்டும். அது இலக்கியம் இல்லை, ஒரு மருத்துவ அறிக்கை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை. அன்றைக்கு உலகம் முழுக்க நம்பிக்கை இதுதான்: காசநோய்க்காரரைச் சானடோரியத்தில் படுக்கவைக்க வேண்டும், நல்ல காற்று, ஓய்வு, முட்டை பால் கொடுக்க வேண்டும். டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியமும் அந்த நம்பிக்கையில் எழுந்ததுதான், அந்த ரயில் நிலையத்துக்கே அதுதான் பெயர். மருந்து வந்துவிட்ட பிறகும் படுக்கை வேண்டுமா? சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், மறுபாதி தம் நெருக்கடியான வீட்டிலேயே. இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959இல் முடிவை வெளியிட்டார்கள். சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதிகம் எடை போட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் சரியாகச் சாப்பிடவில்லை, வேலைக்கும் போனார்கள். ஆனாலும் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தில் மற்றவர்களுக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

டாவோஸ் மலைக்குச் சேத்துப்பட்டு கொடுத்த பதில் இது. ஒட்டகக் கம்பளியும் பால்கனியும் தேவையில்லை, மாத்திரை போதும். உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று நிரூபித்தவர்கள் சென்னையின் ஏழைகள், தம் உடம்பால். இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். காஸ்டார்ப்பைத் தெரிந்த இலக்கியவாதிகளுக்கு இந்த 193 பேரைத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

ஆனால் இதே பிரதியை இன்னொரு விதமாகவும் வாசிக்க முடியும், அதிகாரம் அப்படித்தான் வாசித்தது. பசியோடு இருந்தாலும் மருந்து வேலை செய்கிறதா? அப்படியானால் பசியைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே குணமாகிறார்களா? அப்படியானால் ஓய்வுக்குக் காசு தர வேண்டாம். ஏழை உடம்பின் தாங்கும் சக்தியையே அவருக்கு எதிரான சாட்சியமாக்கிவிட்டார்கள். காசநோய்த் திட்டத்தில் மாத்திரை இருந்தது, சோறு அரைநூற்றாண்டுக்கு மேல் ஓரமாகவே கிடந்தது. நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் சத்துணவுப் பணம் என்று மத்திய அரசு அறிவித்தது 2018இல், அதை 1,000 ஆக்கியது 2024 நவம்பரில். ஜார்க்கண்டில் நோயாளி வீட்டாருக்கு உணவுப் பொருட்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியானது. அந்த வீட்டாருக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது, தொற்றும் வகைக் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. சோறும் மருந்துதான் என்பதை எங்கள் ஆயாக்கள் யாரும் ஆய்வு செய்து சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனி என் அத்தையைப் பற்றி. அப்பாவின் அக்கா, விழுப்புரம் பக்கத்தில் ஒரு காலனி, கரும்பு வெட்டு வேலை. 2009இல் ரத்தம் ரத்தமாகத் துப்பி ஜி.எச்.சில் சேர்த்தோம். பத்து நாள் வார்டு, அதற்குப் பிறகு வீட்டிலிருந்தபடியே மருந்து, மொத்தம் ஆறு மாதம். அப்போது வாரத்துக்கு மூன்று நாள் மாத்திரை என்பது முறை (தினசரி மாத்திரை 2017க்குப் பிறகுதான் வந்தது). ஒவ்வொரு நோயாளிக்கும் ஆறு மாத மருந்தையும் ஒரே பெட்டியில் போட்டு, அதன் மேல் பெயரை எழுதி வைப்பார்கள். அத்தைக்கு அதில் ஒரு சந்தோஷம். "எம் பேர எயிதி ஒரு பொட்டி வெச்சிருக்காங்க பாப்பா, ஆபீஸுல." ரேஷன் கார்டில்கூட மாமா பெயருக்குக் கீழேதான் அவர் பெயர் இருந்தது.

பெட்டி இருந்த இடம் ஊர்த்தெரு அங்கன்வாடி. முதல் இரண்டு மாதம் கண்முன்னால் விழுங்க வேண்டும் என்பது விதி. காலனியிலிருந்து நடந்து போய் வெளியே நிற்க வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டு முடித்த பிறகுதான் அந்த அம்மா வெளியே வருவார். மாத்திரையைக் கையில் போடுவார். தண்ணீரை மேலேயிருந்து ஊற்றுவார், அத்தை இரண்டு கையையும் குவித்து வாங்கி விழுங்குவார். நோய்க்குப் பயந்து அப்படிச் செய்தாரா, சாதிக்காகச் செய்தாரா? அத்தையைக் கேட்டேன். "ரெண்டும்தான். எதுக்கு எவ்ளோன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். உலக சுகாதார நிறுவனம் நேரடிக் கண்காணிப்பில் மருந்து என்று சொன்னது இங்கே வந்து என்ன உருவம் எடுத்தது என்று பாருங்கள்.

அதைவிடக் கொடுமை வீட்டில் நடந்தது. திண்ணை மூலையில் அத்தைக்கென்று ஒரு நசுங்கிய எவர்சில்வர் தட்டும் ஒரு டம்ளரும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, எங்கப்பாவே எடுத்து வைத்தார். கூடப்பிறந்த தம்பி. டீக்கடையில் தனி கிளாஸ் வைத்ததற்காகப் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய் மறியல் செய்தவர். காசநோய் இருமலில், காற்றில் பரவுகிறது. தட்டில் பரவுவதில்லை, டம்ளரில் பரவுவதில்லை. மருந்து சரியாக ஏறத் தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலானவர்கள் தொற்றும் நிலையையே தாண்டிவிடுகிறார்கள். ஆக அந்தத் தட்டுக்கு மருத்துவத்தில் எந்த இடமும் இல்லை. அது எங்கிருந்து வந்தது? இரட்டைக் குவளையை வெளியே உடைத்தோம், அதன் வடிவம் நம் திண்ணையில் பத்திரமாக இருந்திருக்கிறது. நோய் வந்தால் ஒருவரை எப்படி விலக்குவது என்பதற்கு இந்தச் சமூகத்துக்கு ஒரே ஒரு மாதிரிதான் தெரியும். அதன் கீழ்க்கோடியில் இருப்பவர்களும் அந்த மாதிரியையே எடுத்துக்கொள்கிறார்கள். 2020இல் கொரோனா வந்தபோது 'பார்த்தீர்களா, மடி ஆசாரமெல்லாம் விஞ்ஞானம்' என்று ஒரு கூட்டம் கிளம்பியது நினைவிருக்கும். அவர்களுக்குத் தனிமைப்படுத்தல் அன்றைக்குத்தான் அறிமுகம், அதனால் அதில் ஒரு பெருமை.

சூசன் சான்டாக் 1978இல் 'நோய் என்னும் உருவகம்' எழுதினார். காசநோயின் மேலும் புற்றுநோயின் மேலும் ஏற்றப்பட்ட உருவகங்களைக் கழற்றிப் போட வேண்டும், நோயை நோயாக மட்டும் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். தனக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்ததை அந்தப் புத்தகத்தில் அவர் சொல்லவே இல்லை. வாதம் முக்கியமானது, மறுக்கவில்லை. ஆனால் அத்தையின் திண்ணையில் இருந்தது உருவகம் அல்ல, தட்டு. சொல்லைத் திருத்தினால் அது போகாது.

சொல்லையும் திருத்த வேண்டும் என்பது வேறு விஷயம். அத்தையின் சிகிச்சை அட்டையில் இருந்த மொழியைப் பாருங்கள். இருமலோடு வருகிறவர் 'சஸ்பெக்ட்', சந்தேக ஆசாமி. பாதியில் மருந்தை விட்டவர் 'டிஃபால்டர்', தவணை கட்டாத கடன்காரர். போலீஸ் ஸ்டேஷனும் வங்கியும் சேர்ந்து எழுதிய அட்டை. உலக சுகாதார நிறுவனம் 2013இல்தான் இந்த இரண்டு சொற்களையும் மாற்றியது. பேச்சில் இன்றும் 'டிஃபால்டர் கேஸ்' என்றுதான் வருகிறது. ஒருவர் ஏன் பாதியில் விடுகிறார்? இரண்டு மாதத்தில் இருமல் நிற்கிறது, உடம்பு தேறுகிறது, வெட்டு சீசன் தொடங்குகிறது, மேஸ்திரி முன்பணத்தோடு வந்து நிற்கிறார். விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறித் திரும்பி வரும் என்பது அவருக்கும் ஓரளவு தெரியும். காத்திருப்பதற்கு வேண்டிய பணம் அவரிடம் இல்லை.

அத்தை விடவில்லை. எப்படித் தாக்குப்பிடித்தார் என்பதில்தான் எனக்கு அக்கறை. படிப்பு கிடையாது, காலண்டர் பார்க்கத் தெரியாது. சிகிச்சை தொடங்கி ஒரு மாதத்தில் வீட்டு ஆடு சினையானது. ஆடு குட்டி போடுவதற்கு ஐந்து மாதம். "ஆடு குட்டி போடறதும் எனக்கு மாத்திர தீர்றதும் ஒன்னா வரும்" என்று கணக்கு வைத்துக்கொண்டார். அந்த ஆட்டை வயிற்றைத் தடவிப் பார்ப்பதுதான் அவருடைய நாட்காட்டி. முதல் தடவை மூத்திரம் சிவப்பாகப் போனபோது செத்துவிடுவோம் என்று நினைத்திருக்கிறார், யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அது மாத்திரையின் நிறம். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளைப் பற்றி மட்டும் அவர் சிரித்துக்கொண்டே பேசுவார். பலசாதிப் பெண்களோடு ஒரே வரிசையில் படுத்துத் தூங்கியது வாழ்க்கையில் அந்தப் பத்து நாள்தான். தாயம் ஆடியிருக்கிறார்கள், ஒருத்திக்கு ஊசி போட்டால் மற்றவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். உடனே இதை ஒரு சமத்துவபுரமாக்கிவிட வேண்டாம். பக்கத்துக் கட்டில் அம்மா மூன்றாம் நாள் கேட்டிருக்கிறார், "எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா, காலனியா?" அத்தை என்ன சொன்னார்? "பதிலே சொல்லல பாப்பா. இருமுனேன். இருமிக்கினே இருந்தேன், அந்தம்மா பயந்துக்கினு திரும்பிப் படுத்துடுச்சி."

அந்த ஆறு மாதத்தின் கூலியை யார் கட்டியது என்று சொல்லிவிடுகிறேன். பத்தாவது படித்துக்கொண்டிருந்த அத்தை மகள் கத்தியை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டப் போனாள். அத்தை குணமாகிவிட்டார். சிகிச்சை வெற்றி என்று பதிவேட்டில் எழுதியிருப்பார்கள், பொய்யில்லை. மகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பவில்லை. இப்போது திருப்பூரில் இருக்கிறாள். எந்தப் பதிவேட்டின் எந்தக் கட்டத்தில் அவளை எழுதுவது?

இப்போது நம் எழுத்தைப் பற்றி. கடந்த முப்பது வருஷங்களில் தலித் எழுத்து உடம்பை எழுதியிருக்கிறது. அடிபட்ட உடம்பை, வன்புணரப்பட்ட உடம்பை, எரிக்கப்பட்ட உடம்பை, மலம் சுமந்த உடம்பை, பறையடித்து ஆடுகிற உடம்பை. படுத்திருக்கும் உடம்பை மிகக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். ஏன்? சாட்சியம் என்கிற வடிவத்துக்கு ஒரு குற்றவாளி வேண்டும். யார் அடித்தான், யார் கொளுத்தினான், எந்த இன்ஸ்பெக்டர் வழக்குப் பதிய மறுத்தார் என்று விரல் நீட்ட வேண்டும். அதனால்தான் அந்த வடிவத்துக்கு வலு வந்தது, அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆனால் காசநோய் யார்மேல் போடுகிற வழக்கு? புற்றுநோய்க்காரர் கதிர்வீச்சு மெஷினுக்கு முன்னால் தன் முறை வர உட்கார்ந்திருக்கிற மத்தியானத்தில் குற்றவாளி யார்? அங்கே நம் பேனா நின்றுவிடுகிறது. அல்லது டாக்டர் திட்டினார், நர்ஸ் காசு கேட்டார் என்று ஒரு குற்றவாளியைத் தேடிப் பிடித்து அதை மட்டும் எழுதுகிறது. அந்த நிகழ்ச்சிகள் நடக்கவே செய்கின்றன, எழுதவும் வேண்டும். மிச்சமுள்ள இருபத்துமூன்று மணி நேரத்தை விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் கேள்வி. சலிப்பு, பயம், பக்கத்துக் கட்டிலில் நேற்று இருந்தவர் இன்று இல்லாமல் போவது, சாப்பாட்டு வண்டிச் சத்தம், யாரும் பார்க்க வராத ஞாயிற்றுக்கிழமை. இதெல்லாம் 'அகவயமானது', 'நடுத்தர வர்க்கச் சமாச்சாரம்' என்று நம் கூட்டங்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். தோழர்களே, தனிமையை அவர்களுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுக் கலவரத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வது என்ன பாகப்பிரிவினை?

ஆட்ரி லார்டை இங்கேதான் படிக்க வேண்டும். கறுப்பினக் கவிஞர், பெண்ணை நேசித்த பெண். 1978இல் மார்பகம் ஒன்றை எடுத்தார்கள். 1980இல் 'புற்றுநோய்க் குறிப்பேடுகள்' வெளிவந்தது. சிகிச்சைக்குப் பிறகு டாக்டரைப் பார்க்கப் போனபோது, செயற்கை மார்பு வைத்துக்கொள்ளாமல் வருவது அந்த அலுவலகத்தின் மனத்தெம்பைக் கெடுக்கும் என்கிற அர்த்தத்தில் ஒரு நர்ஸ் சொல்கிறார். லார்ட் அந்த இடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார். பெண்ணின் இழப்பை மூடி மறைக்கச் சொல்கிற, அதை வைத்து வியாபாரம் செய்கிற சமூகம். நம் தோழர்கள் அந்தப் பக்கங்களைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். அந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவை வேறு பக்கங்கள். குற்றவாளி யாரும் இல்லாத நாட்குறிப்புகள். பயம் காலையில் ஒரு விதமாகவும் இரவில் வேறு விதமாகவும் வருகிறது, சுற்றி இருந்த பெண்களின் அன்பு தாங்குகிறது, சில நேரம் அதுவும் எட்டாமல் போகிறது. கறுப்பினப் பெண் என்ற அரசியலை அவர் கீழே வைத்துவிட்டு நோயை எழுதவில்லை. தனியாக இருந்த அந்த இரவுகளுக்குள்ளேயே அதையும் தூக்கிக்கொண்டு போனார். வாசலைத் தாண்டுகிற மொழி என்று மேலே சொன்னேனே, அப்படி ஒன்று இருக்க முடியும் என்பதற்கு இது ஆதாரம்.

ஆஸ்பத்திரி நாவல்கள் என்று தலைப்பு எடுத்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிற மாணவர்கள் இரண்டு மூன்று பேரை எனக்குத் தெரியும். நூலகத்தில் உட்காருவதோடு ஒரு மாதம் காலைவேளையில் ஏதாவது ஒரு மருந்து வரிசையில் போய் நின்று பாருங்கள். டேப் ரிக்கார்டரோ செல்போனோ, கேட்டுவிட்டு வையுங்கள். முதல் கேள்வியாக டாக்டர் எப்படி என்று கேட்காதீர்கள், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். எதை வைத்து நாள் எண்ணுகிறீர்கள் என்று கேளுங்கள். வீட்டில் எந்தத் தட்டில் சாப்பிடுகிறீர்கள், இரவில் தூக்கம் வராதபோது யாரோடு பேசுகிறீர்கள், உங்களுக்குப் பதிலாக யார் வேலைக்குப் போகிறார்கள், அவர் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேளுங்கள். யாராவது பதில் சொல்லாமல் இருமினால், இருமினார் என்று எழுதிக்கொள்ளுங்கள்.